மாயக்காளை எழுப்பி நிறுத்தியது யார் என்பது குறித்த மனு

அனுப்புநர்:
அய்யம்மாள், வயது பதினாறு,
ராக்கையா மகள்,
மேலத்தெரு, மார்க்கையன்கோட்டை,
உத்தமபாளையம் தாலுகா.

பெறுநர்:
கனம் தலைவர் அவர்கள்,
மேற்பார்வைக் கமிட்டி,
முல்லைக்கரை தர்ம ஆஸ்பத்திரி.

பொருள்: வயிற்றில் ஆப்பரேஷன் ஆகிப் புண் ஆறின பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து இறந்த மாயக்காளின் சாவுக்கு அவர் மகளே காரணம் என்று வாசலில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை எடுக்கவும், நடந்ததைத் தங்கள் கையால் ஒரு வரி எழுதித் தரவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு என்னைத் தெரிய நியாயமில்லை. என் தாயாரைத் தாங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். ஐப்பசி மாதம் தாங்கள் ஆஸ்பத்திரிக்கு விஜயம் செய்த அன்று வராந்தாவில் வரிசையாக நின்ற பெண்களில் கடைசியாக நின்றவர் அவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்நிய ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல முடியாமல் போனதால் எழுத்தில் சொல்லத் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் தாயாருக்கு இரண்டு வருஷமாக வயிற்றில் கட்டி இருந்தது. களையெடுக்கப் போகும் இடத்தில், "ஏ மாயக்கா, யானைக்குட்டியா பெறப்போற?" என்று கேட்பார்கள். "ஆமா, பெத்து ஒங்க வீட்டு வாசல்லதான் கட்டப் போறேன். தீனி போடத் தயாரா இரு" என்று அவரும் சிரிப்பார். புரட்டாசி கடைசியில் வலி பொறுக்காமல் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். பெரிய டாக்டர் குளோரோபாரம் கொடுத்துக் கட்டியை எடுத்தார். அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவருடைய கை நல்ல கை என்று இன்றும் சொல்வேன்.

2. ஆப்பரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், ஒருக்களிக்கவும் கூடாது என்று உத்தரவு. துணைக்கு இருந்தவள் நான். அதைக் காப்பாற்றும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். வேலை செய்தே பழகிய உடம்பு ஆனபடியால் என் தாயார் நாலைந்து நாளிலேயே எழுந்து உட்காரப் பார்த்தார். நர்ஸம்மா ஒரு வேட்டியை மடித்து இடுப்போடு கட்டிலில் கட்டினார். முதுகு வெந்து புண்ணாகிறது, ஒரு நிமிஷம் தூக்கி உட்கார வை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு என் தாயார் கெஞ்சினார். நான் தூக்கவில்லை. மறுநாளும் கெஞ்சினார், தூக்கவில்லை. "நீ எம் மகளா, செயில் காவக்காரியாடி?" என்று ஏசிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. கஞ்சி கொடுத்தால் குடிப்பார், அவ்வளவுதான். உத்தரவை மீறி என் தாயாரை எழுப்பினவள் என்று பெயர் வாங்கியிருப்பவள் நான் ஆகையால் இதை முதலில் எழுதுகிறேன்.

3. தையல் பிரித்தபோது புண் சுத்தமாக ஆறியிருந்தது. ஆனால் இடது கால் வீங்கத் தொடங்கியது. கெண்டைக்காலில் விரல் பட்டாலே கத்துவார். தோல் வெளுத்து மினுமினுத்தது. நான் நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். "படுத்துக்கிட்டே தின்னா கால் கொழுக்காதா? ஒங்க ஆத்தாளுக்கு இங்க சீமந்தமா நடக்குது, வந்து வந்து பாக்குறதுக்கு?" என்றார். வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லப் போகவில்லை.

அந்த வார்டு ஆயா பிச்சையம்மாள் ஒரு நாள் என் தாயாரின் காலைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முன்னெல்லாம் இங்கன வயித்தக் கிழிச்சா சீழ் பிடிச்சுச் செத்தாக. இப்பக் கழுவுற மருந்தெல்லாம் நல்லா வந்திருச்சு, புண்ணு ஆறிருது. ஆறுன பெறகு சாகுறாக. கட்டில விட்டு எந்திரிக்கிற அன்னைக்குத்தான். வீட்டுக்குப் போறோம்னு தலை சீவி உக்காந்திருப்பாக, பாத்துக்க, பொசுக்குன்னு போயிருவாக." இப்படிப் போனவர்களின் கட்டில்களையும் கை நீட்டிக் காட்டினார். என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறார் என்று நினைத்து நான் காதில் வாங்காமல் இருந்துவிட்டேன்.

4. தங்கள் விஜயத்தன்று விடிந்ததிலிருந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கட்டிலுக்கெல்லாம் புது விரிப்பு வந்தது. துணைக்கு இருப்போர் அனைவரையும் வேலிக்கு வெளியே கொடுக்காப்புளி மரத்தடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஆகையால் அப்போது முதல் நான் என் தாயாரின் பக்கத்தில் இல்லை. வேலி வழியாக வராந்தா முழுவதும் தெரிந்தது. பேச்சும் கேட்டது.

விஜயத்தைப் படம் எடுக்க வரவழைத்திருந்தவர் வார்டுக்குள் வெளிச்சம் போதாது என்றார். பெரிய டாக்டர், "படுத்திருக்கிற மாதிரி எடுத்தா பொணக்கிடங்கு மாதிரி இருக்கும். ஆப்பரேஷன் ஆனவங்களை எழுப்பி இங்கே நிறுத்துங்க" என்றார். அடுத்த கட்டிலில் இருந்த உத்தமபாளையம் லத்திபா என்னும் அம்மாளுக்கும் என் தாயாருக்கு ஆன அதே ஆப்பரேஷன்தான். அவர் மட்டும், "ஆம்பளையாளுக முன்னால வரமாட்டேன், என்னைக் கொன்னாலும் சரி" என்று சொல்லிப் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்துக்கொண்டாராம். அவரை விட்டுவிட்டார்கள். என் தாயாருக்கு முக்காடு போடும் பழக்கம் இல்லை.

இரண்டு நர்ஸம்மாக்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து என் தாயாரை நடத்தி வந்தார்கள். அத்தனை நாள் கட்டிப் போட்ட உடம்பு தள்ளாடியது. ஆனாலும் அவருக்குச் சந்தோஷம். வேலிப்பக்கம் என்னைத் தேடினார். பார்த்ததும், "நீ தூக்கிவிடவில்லை, பார்த்தாயா, நின்றுவிட்டேன்" என்பது போல் தலையை ஒரு வெட்டு வெட்டினார். பிறகு தாங்கள் வந்தீர்கள்.

என் தாயாரிடம் வந்ததும் தாங்கள் நின்று விசாரித்தீர்கள். எத்தனை பெரிய கட்டி எடுத்தோம் என்பதைப் பெரிய டாக்டர் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். "பேஷ்! கல்யாணப் பெண் மாதிரியல்லவா நிற்கிறாள்!" என்று தாங்கள் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மாக்கள் இருபுறமும் தோளைப் பிடித்திருக்க, என் தாயார் கையெடுத்துக் கும்பிட்டார். படக்காரர், "யாரும் அசையாதீங்க, மூச்சு விடாதீங்க" என்றார். படம் எடுத்தபின் என் தாயார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் ஏதோ சொன்னார். "ஐயா உள்ள போற வரைக்கும் நில்லு, மானத்த வாங்காத" என்று பதில் வந்தது. அதுவும் கேட்டது. ஐயா அவர்கள் உள்ளே போனீர்கள். என் தாயார் விழுந்தார். வாய் திறந்து திறந்து மூடியது, உதடு நீலம் பூத்துப் போனது. தங்களுக்கு உள்ளே சர்பத் கொடுத்து முடிந்து கார் புறப்படுகிற வரையில் ஒரு தட்டியைக் கொண்டுவந்து அவரை மறைத்து வைத்தார்கள். நான் கதவைத் தட்டினேன். கார் போன பிறகு திறந்தார்கள். ஆகையால் இது தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்றே நம்பி இந்த மனுவை எழுதுகிறேன்.

5. தகப்பனாரும் என் தாய்மாமன் சின்னக்கருப்பும் வந்து சேர்ந்தபோது பெரிய டாக்டர் அவர்களிடம், "நாளைக்கு மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டிய பொம்பளை. படுத்தே இருக்கணும்னு உத்தரவு போட்டிருந்தேன். இந்தப் பெண் எழுப்பி நடக்கவிட்டுக் கொன்னுட்டா" என்றார். என் மாமன், "ஏ புள்ள, வாயத் தொறந்து சொல்லு. நீயா எழுப்புன?" என்று கேட்டார். சுற்றிலும் டாக்டர்கள், கம்பவுண்டர், முன்பின் தெரியாத ஆண்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பேச மாட்டேங்குறா பாரு, அவதான்" என்றார் மாமன். அத்தோடு விசாரணை முடிந்தது. என் தாயாருக்கு வாய்க்கரிசி போட என்னை விடவில்லை. கையில் எடுத்த அரிசியைத் தட்டிவிட்டார்கள்.

6. வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போது சின்ன டாக்டர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். அவருக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதால் பெயர் எழுதவில்லை. வெகுநாள் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும். திடீரென்று எழுந்து நின்றால் அது பிய்ந்து மேலே ஏறி நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். வீங்கின கால்தான் அதற்கு அடையாளம். இங்கே போன வருஷத்தைவிட இந்த வருஷம் இப்படி இறந்தவர்கள் அதிகம். ஆப்பரேஷன் அதிகமாக ஆக சீமையிலும் இந்தச் சாவு கூடிக்கொண்டுதான் வருகிறதாம். சில டாக்டர்கள் ஆப்பரேஷன் ஆன இரண்டொரு நாளிலேயே நோயாளியை எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்கிறார்களாம், பெரிய டாக்டர் அதை ஏற்பதில்லையாம். கட்டிப்போட்டதும் அவர்கள், கட்டை அவிழ்த்து நிறுத்தியதும் அவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதை என் தகப்பனாரிடம் சொல்லுங்கள் என்று கேட்டேன். "எனக்கும் பிள்ளை குட்டி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

7. மறுவாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். "துணைக்கு இருப்போர் உத்தரவை மீறி நோயாளியை எழுப்பக்கூடாது. மார்க்கையன்கோட்டை மாயக்காள் தன் மகள் அய்யம்மாள் எழுப்பிவிட்டதால் மரணமடைந்தாள்" என்று அதில் இருக்கிறது. மருந்து வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டு வருகிறார்கள். நான் தண்ணீருக்குப் போனால் தெருப் பிள்ளைகள் வழியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "எழுப்பிராதக்கா, செத்துப் போவேன்" என்கிறார்கள். அவர்களின் தாய்மார் வாசலில் நின்று சிரிக்கிறார்கள்.

தகப்பனார் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. நான் பொங்கினதைத் தொடுவதும் இல்லை. தானே உலை வைத்துக்கொள்கிறார். பொங்கல் கழிந்ததும் என்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கம்பம் கங்காணியோடு மலைக்கு அனுப்புவதாகப் பேசி முடித்துவிட்டார். "திரும்பி வர வேண்டாம்னு சொல்லிரு" என்று மாமனிடம் சொன்னதை அடுப்படியில் இருந்து கேட்டேன். வேலைக்கு நான் பயந்தவள் அல்ல. தாயைக் கொன்றவள் என்று அனுப்பப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

8. தங்களிடம் நான் கோருவதாவது: வாசலில் இருக்கும் விளம்பரத்தை எடுக்க உத்தரவிட வேண்டும். அன்று எடுத்த படத்தைக் கண்ணாடி போட்டு ஆஸ்பத்திரி முன்கூடத்தில் மாட்டியிருப்பதாகப் பிச்சையம்மாள் வந்து சொன்னார். என்னை உள்ளே விடமாட்டார்கள். தாங்கள் நடுவில் இருக்கிறீர்களாம். வரிசையில் கடைசியாகக் கும்பிட்டபடி நிற்பவர் என் தாயார். சேலைக்குக் கீழே ஒரு கால் மற்றக் காலைவிடப் பருத்திருப்பது நன்றாகத் தெரிகிறதாம். அவரைப் பிடித்திருக்கிற கைகள் யாருடையவை என்பதும் தெரியும். என் கை அதில் இல்லை. தயவுசெய்து தாங்கள் ஒருமுறை அந்தப் படத்தின் முன் நின்று பார்த்து, "மாயக்காள் என் வருகைக்காக எழுப்பி நிறுத்தப்பட்டதை நான் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை.

9. வருகிற மார்கழி முதல் வாரம் தாங்கள் மறுபடியும் விஜயம் செய்வதாகவும், சுண்ணாம்பு வந்து இறங்கிவிட்டதாகவும் கேள்விப்படுகிறேன். என் தாயார் கிடந்த கட்டிலில் இப்போது கோம்பையைச் சேர்ந்த ஒரு பெண்ணை ஆப்பரேஷன் செய்து படுக்கவைத்திருக்கிறார்கள். அவருக்கும் ஒரு கால் வீங்கியிருப்பதாகப் பிச்சையம்மாள் சொல்கிறார். அவரும் முக்காடு போடும் பழக்கம் இல்லாதவர். படுத்தபடியே கும்பிட்டாலும் அதைக் கும்பிடாக ஏற்றுக்கொள்வதாகத் தாங்கள் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை எழுதிவிட வேண்டுமாய் மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மார்க்கையன்கோட்டை
தேதி: வெகுதானிய வருஷம் கார்த்திகை மாதம் 22 (7-12-1938)

தங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
ரா. அய்யம்மாள்

பின்குறிப்பு: தங்கள் பதிலை என் பெயருக்கு அனுப்பாமல் என் தகப்பனார் ராக்கையா பெயருக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மாட்டார். தெருவில் யாரிடமாவது கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். தெருப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் அப்போது கேட்பார்கள்.