திருந்திக்கொண்டே போகிறார்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதில் ஒருவர் அளவுக்கு மீறிய நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும்வரை உன் அத்தானுக்குப் போன் போடாதே.

முதலில் நல்ல செய்தி. கதை எழுத ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளாக ‘எழுதப் போகிறேன், எழுதப் போகிறேன்’ என்று உன் காதைப் புளிக்க வைத்தேனே, அதேதான். இத்தனை நாள் ஏன் ஓடவில்லை என்று இப்போது புரிகிறது. ஒரு வரி எழுதுவேன்; உடனே கை சிவப்புப் பேனாவைத் தேடும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அதற்கும் பாதி மதிப்பெண்தான். எழுதுகிற பிள்ளையும் நானே, திருத்துகிற டீச்சரும் நானே என்றால் அந்தப் பிள்ளை எப்படி உருப்படும்? ஒரு நாள் டீச்சரை வெளியே அனுப்பினேன். அலாரம் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, மணி அடிக்கும்வரை பேனாவைக் கீழே வைப்பதில்லை என்று உட்கார்ந்தேன். தப்போ சரியோ, தாள் நிரம்பியது. இப்போது சில அத்தியாயங்கள் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன.

கணவனை விட்டுப் போக நினைக்கும் ஒருத்தியின் கதை. நீ உடனே மூக்கை நுழைக்காதே. கதையில் வருகிறவனுக்கு மீசை உண்டு, உன் அத்தானுக்குக் கிடையாது.

இனி என் சந்தேகம். கல்யாணமான நாளிலிருந்து ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போடுகிற மனிதர், திடீரென்று அதைக் கொடியில் காயப்போட்டார். அடுத்து, கூடத்திலிருந்து ‘தண்ணி’ என்று ஒற்றைச் சொல்லை வீசுகிறவர் தானே எழுந்து வந்து குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். நீயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். நான் டீச்சராயிற்றே. வகுப்பில் வாலுப்பையன் கைகட்டி உட்கார்ந்தால் எங்கோ ஜன்னல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் ஏதாவது சொல்லி மறைக்கிறாரோ என்று சட்டைப் பையைத் துழாவினேன். இருமல் மிட்டாய்தான் இருந்தது. வேறு யாராவது இருக்கிறாளோ என்றும் நினைத்தேன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு யார் பின்னால் போக முடியும் என்று விட்டுவிட்டேன். கடைசியில், ‘என்ன, ரொம்பத்தான் மாறிட்டீங்க?’ என்று கேட்டே விட்டேன். ‘ஏன், அதுக்கும் டீச்சரம்மாகிட்ட கையெழுத்து வாங்கணுமா?’ என்றார்.

பிறகுதான் பொறி தட்டியது. துண்டு முதல் அத்தியாயத்தில் வருகிறது. தண்ணீர் இரண்டாவதில். காலமெல்லாம் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு, விளையாட்டுச் செய்தி தவிர எதையும் படிக்காத மனிதர் என் கதையைப் படிக்கிறாரா? உனக்கே இப்போதுதானே சொல்கிறேன்!

காப்பியடிக்கிறவனைப் பிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. பக்கத்துப் பிள்ளையின் தாளில் வேண்டுமென்றே ஒரு தப்பான விடையை எழுத வைப்போம். அதே தப்பு இவன் தாளிலும் வந்தால் ஆள் அகப்பட்டான். நானும் ஒரு பொய்யை எழுதி வைத்தேன்: சவரம் செய்யும்போது கணவன் விசிலடிப்பது அவளுக்குச் சகிக்கவில்லை என்று. அத்தானின் விசில் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அவரிடம்தான் சொன்னதில்லை. மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆளைப் பிடித்துவிட்டேன், சந்தோஷமாக இல்லை. ‘விசிலடிங்க’ என்று எப்படிச் சொல்வது? அது ஒன்றுதான் பொய் என்று சொன்னால், மற்றதெல்லாம் பொய்யில்லை என்று ஆகிவிடாதா?

கதை மறுபடி நின்றுவிட்டது. அலாரம் அடிக்கிறது, தாள் வெள்ளையாகவே கிடக்கிறது. இந்த முறை தடுப்பது சிவப்புப் பேனா இல்லை; ஒவ்வொரு வரியிலும் அவர் படிக்கிற முகம் தெரிகிறது. என் கதைக்காரி பெட்டியோடு ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஏற்றிவிடவும் முடியவில்லை, வீட்டுக்கு அனுப்பவும் முடியவில்லை. இவர் இப்படி நல்லவராகிக்கொண்டே போனால் அவள் எதைச் சொல்லிக்கொண்டு போவாள்? அதற்காகவேதான் செய்கிறாரோ என்னவோ.

நேற்று கூடத்து விளக்கை மாற்ற ஸ்டூல்மேல் ஏறினார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தபடியே, ‘அந்தம்மா ரயில் ஏறிட்டாளா?’ என்று கேட்டார். ‘எந்தம்மா?’ என்றேன். ‘சும்மா கேட்டேன். நீ ஸ்டூலை ஆட்டாதே’ என்றார். நான் ஆட்டவில்லை. அவர் கால்தான் ஆடியது.

அதனால் உன் மாடி அறையைக் கொஞ்ச நாள் எனக்குக் கொடு. யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் அந்தக் கதையை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் இனி எதையுமே எழுத மாட்டேன் என்று பயமாக இருக்கிறது. இன்று அவரிடம் சொன்னேன். டிக்கெட்டைத் தானே எடுத்து வருவதாகக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு, ‘போக மட்டும் எடுக்கவா, வர்றதுக்கும் சேர்த்தா?’ என்று கேட்டார். முடிய எத்தனை நாளாகும் என்று யார் கண்டார்கள்? ‘இப்போதைக்குப் போக மட்டும் போதும்’ என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் அடுத்த தெருவில்தான் இருக்கிறது. போனவரை இன்னும் காணோம். எத்தனை டிக்கெட்டோடு வரப் போகிறாரோ, அதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான் அங்கே இருக்கும்போது அவர் உன்னிடம் கதையின் முடிவு என்னவென்று கேட்டால், தெரியாது என்று சொல். அது உண்மைதான். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாடி அறைக் கட்டிலில் இரண்டு தலையணை போட்டு வை. ஏன் என்று மட்டும் கேட்காதே.

உன் பிரியமுள்ள
அக்கா