பதினோராம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் முழங்கால் வலி போக மற்றபடி நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீ, மாப்பிள்ளை, உள்ளேயிருந்து உதைக்கிறவர் மூவரும் சுகம்தானா என்று எழுது, "சூப்பரா இருக்கேன்மா" என்று மட்டும் எழுதாதே, காய்ச்சலில் கிடந்தபோதும் நீ அதைத்தான் சொன்னாய்.

புது வேலைக் கடிதத்தை அப்பாவின் போனுக்கு அனுப்பினாயே, அன்றிலிருந்து அந்தப் போன் அவர் கையை விட்டு இறங்கவில்லை. தெருமுனை டெய்லரிடம் காட்டினார், தண்ணீர் கேன் போடுகிறவரிடம் காட்டினார், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது போனைத் திறந்தாராம். காட்டியதெல்லாம் முதல் பக்கம், உன் பெயரும் பதவியும் இருக்கிற பக்கம். கடிதம் பதினான்கு பக்கம் என்று அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. "பிரசவ லீவு அங்க எப்படிடி?" என்று கேட்டேன், "அதெல்லாம் இருக்கும்மா, பெரிய கம்பெனி" என்றாய். பெரிய கம்பெனி என்றால் கட்டடம் பெரியது, லிஃப்ட் பெரியது, கடிதத்தில் எழுத்து மட்டும் சின்னது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினோராம் பக்கம் வரை போனேன். அங்கே ஆறு மாதம் வேலை பார்த்தவர்களுக்குத்தான் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு என்று இருக்கிறது. உனக்கு இது ஐந்தாம் மாதம், சேரப் போவது அடுத்த மாதம். விரல்விட்டு எண்ணிப் பார், இன்ஜினியரிங் படித்தவள்தானே. பிள்ளை உன் ஆறு மாதம் முடியட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருக்குமா? அது உன் அப்பா வழிப் பிள்ளை, எதற்கும் காத்திருக்காது.

மாப்பிள்ளையிடம் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. இன்டர்வியூ வீடியோவில் நடந்ததாம், கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி கேமராவைத் தூக்கி வைத்தாயாம், கர்ப்பம் என்று மூச்சே விடவில்லையாம். "சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு பயந்துட்டா அத்தை" என்கிறார். சரி, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகும் என்ன மௌன விரதம்? முதல் நாள் நேரில் போகும்போது கேமராவை எங்கே தூக்கி வைப்பாய்? இப்போதைய ஆபீசில் நாலு வருஷம் உழைத்ததற்கு முழு விடுப்பு காத்திருக்கிறது, நீ சொன்னபடி இந்த வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்தால் அதுவும் போயிற்று.

வேலையை மாற்றாதே என்று சொல்லவில்லை. நீ செய்ததையெல்லாம் தான் செய்ததாகக் கூட்டத்தில் சொல்கிற அந்த மேனேஜருக்கு நீ ஆயுள் முழுக்க ஜால்ரா போட வேண்டாம். கேட்டுவிட்டு மாறு என்கிறேன். இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்பாய், நியாயம்தான். நீ வயிற்றில் இருந்தபோது நான் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலைக்கு மாறினேன். நம் வீட்டிலேயே முதல் டிகிரிக்காரி, தெருவில் உள்ளவர்களின் விண்ணப்பத்தையெல்லாம் நிரப்பிக் கொடுப்பேன், எனக்கென்று ஒரு வரி கேட்க நாக்கு எழாது. முதலாளி "எப்பம்மா திரும்ப வருவீங்க?" என்றார், "சீக்கிரமே வந்துடறேன் சார்" என்றேன், பத்தொன்பதாம் நாள் போய் உட்கார்ந்தேன். தையல் ஆறவில்லை, நாற்காலியில் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அப்பா உன்னைத் துண்டில் சுற்றித் தூக்கி வருவார், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து பால் கொடுப்பேன், முதலாளி இருமிக்கொண்டே அந்தப் பக்கம் போவார். அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். தொந்தரவே கொடுக்காத நல்ல பெண் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரை எந்த அலமாரியில் வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அதனால் இன்று காலை உன் புது ஆபீசுக்கு நானே போன் செய்தேன். பதறாதே. கடிதத்தின் அடியில் நம்பர் இருந்தது, புதிதாகச் சேரப் போகிறவள் என்று சொல்லி, பிரசவ லீவு உண்டா என்று கேட்டேன். எடுத்த பெண் "எத்தனாவது மாசம் மேடம்?" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் "அஞ்சு" என்றேன். அப்பாவுக்கு டீ மூக்கு வழியாக வந்தது. அவள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "ரூல்படி ஆறு மாசம் வேலை பார்த்திருக்கணும் மேடம். ஆனா சேர்றதுக்கு முன்னாடியே கேட்டா பார்ப்பாங்க, போன வருஷம்கூட ரெண்டு பேர் எழுதி வாங்கிட்டாங்க. சேர்ந்தப்புறம் கேட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். பிறகு "பேர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்" என்றாள். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லாமல் வைத்துவிட்டேன். இதையும் நானே கேட்டுக் கொடுத்தால், நாளைக்கு உன் பிள்ளைக்காக எங்கே போய் எப்படி வாய் திறப்பாய்?

வெள்ளிக்கிழமைக்குள் நீயே கூப்பிடு. எழுத்தில் பதில் வராமல் ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதே. மறுத்தால் மறுக்கட்டும், பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து அந்த மேனேஜரின் கண்ணெதிரே முழு லீவையும் எழுதிக் கொடு. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. நீயும் பிள்ளையும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு உன் மூக்கு வரட்டும், என் நாக்கு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நேற்றுவரை வாயில்லாப் பூச்சியாக இருந்த
உன் அம்மா