மூன்று வட்டங்கள் வெட்டிய இடம்

ஜனவரி 7, 1934. பிரிக்பீல்ட்ஸ்
கோயிலில் பூசை முடிந்ததும் என் மனைவி சாந்தமேரி, பீகாரில் இருக்கும் என் தங்கை டொரத்திக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். மச்சானுக்கு ஜமால்பூர் ரயில்வே பட்டறைக்கு வேலை மாறி இன்னும் வருஷம் ஆகவில்லை.

நான் வேண்டிக்கொண்டது வேறு. பெரிய பூகம்பம் ஒன்று வேண்டும் என்று! பெண்டாட்டி கேட்டால் அடிக்க வருவாள். ஆனால் கொழும்பு, பத்தாவியா பூகம்ப நிலையங்களும் நான் வேலை செய்யும் நிலையமும் ஒரே அதிர்வைப் பதிவுசெய்து நேரங்களை ஒப்பிட்டால்தானே பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது பிடிபடும்? ஆறு மாதமாகச் சில்லறை நடுக்கம்தான். ஆளில்லாத கடலடியில் வரட்டுமே.

ஜனவரி 15
வந்துவிட்டது. மாலை நாலு மணி தாண்டி, அதிர்வுமானியின் கரி படிந்த தாளில் ஊசி துள்ளியது. பிறகு தாளை விட்டே ஓடியது. நானும் உடன் வேலை செய்யும் வாசுவும் கைதட்டினோம். நிலையத்துத் துரை இருவருக்கும் கைகொடுத்தார். வீட்டில் கேசரி.

ஜனவரி 16
முதலில் வரும் வேகமான அலைக்கும் பின்னால் வரும் மெதுவான அலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் தூரம் தெரியும், திசை தெரியாது. அந்தத் தூரத்துக்கு உலகப் படத்தில் எங்களைச் சுற்றி வட்டம் போட்டேன். கடல்மீது போகிறது, சீனாமீது போகிறது, பீகார்மீதும் போகிறது.

சாந்தமேரியிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல?

ஜனவரி 17
கொழும்பிலிருந்து தந்தி. அவர்கள் வட்டம் எங்கள் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. ஒன்று தெற்கே நடுக்கடல். மற்றது பீகார்.

கடல்தான். வட இந்தியா என்று ரயில்வே ஆட்கள் பேசிக்கொள்கிறார்களாம் — அவர்கள் எதைத்தான் பேச மாட்டார்கள்? பத்திரிகையைப் பிரிக்கவில்லை.

ஜனவரி 18
பத்தாவியா தந்தியும் வந்தது. வாசுதான் வட்டம் போட்டான். "அண்ணே, மூணும் ஒரே எடத்துல வெட்டுது. ஜமால்பூர் பக்கம். கணக்கு கச்சிதமா வந்துருச்சுண்ணே."

அவனுக்கு டொரத்தியைத் தெரியாது. மறுபடி போடு என்றேன். போட்டான். அதே இடம். ஒருத்தனாவது தப்பா அளந்திருக்கக் கூடாதா?

ஜனவரி 24
மச்சானின் தந்தி. வீடு விழுந்துவிட்டது. டொரத்தி இல்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

அலை இங்கே வந்து சேர ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். நான் கைதட்டினப்போ அவ — எழுத முடியலை. நான்தானே கேட்டேன். கேட்டு வாங்கிட்டேன்.

பிப்ரவரி 3
மூன்று நிலையங்களின் நேரங்களும் ஒத்துப்போகின்றனவாம். ஆழம் போகப் போக அலை எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்று இனிச் சொல்ல முடியும் என்றார் துரை. தலையாட்டினேன்.

பிப்ரவரி 11
பீகாரிலிருந்து சின்ன நடுக்கம் ஒன்று. வாசுவுக்கு இப்போது எல்லாம் தெரியும். "நீங்க வெளிய போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான்.

போகவில்லை. கோடு நடுங்கி அடங்கும்வரை நின்றேன். அவளைப் புதைத்த மண் இன்னும் ஆடுகிறது. நேரத்தை நானே குறித்தேன்.