கல்லில் உங்கள் உருண்டை எழுத்து

என் அருமை அப்பாவுக்கு,

உங்கள் பெயரைக் கல்லில் எந்த எழுத்தில் வெட்டுவது என்று குளிர்காலம் முழுவதும் இங்கே ஒரு வழக்கு நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஜெர்மனியில், நம் எர்லாங்கனில், சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ள விடுவதில்லை. ஆற்றில் கரைக்கவும் கூடாது. கல்லறைத் தோட்டத்து மண்ணில்தான் வைக்க வேண்டும், மேலே பெயரோடு ஒரு கல். கல்லின் அகலத்துக்குக்கூட விதி இருக்கிறது.

கல் செதுக்கும் ஹெர் லாங் மாதிரிகளைக் காட்டினார். உளிபோலக் கூரான எழுத்து, ஒல்லியான எழுத்து, பழைய பைபிளில் வருவதுபோல முறுக்கிய எழுத்து. எல்லாமே அழகுதான். எதிலும் நீங்கள் இல்லை.

உங்களுடையது தடித்த, முனை மழுங்கிய அச்செழுத்து. பற்பசையைப் பிதுக்கிக் கோடு போட்டதுபோல, தொடங்குவதும் உருண்டை, முடிவதும் உருண்டை. ஒரு கோடு மெலிந்து மற்றொன்று பருப்பதில்லை. கம்பெனியில் குழந்தைகள் மருத்துவமனைக்கான எக்ஸ்ரே இயந்திரத்தின் பொத்தான்களுக்கு அதைத்தான் போட வேண்டும் என்று நீங்கள் மல்லுக்கு நின்றது ஞாபகம் இருக்கிறதா? "கூர்மையான எழுத்து அதட்டும் கண்ணு. இது பக்கத்துல வந்து உக்காந்துக்கும்" என்றீர்கள்.

அதன் குறையையும் நீங்களே சொன்னீர்கள். சிறிதாக அச்சிட்டால் உள்ளே இருக்கும் துளைகள் அடைத்துக்கொள்ளும். மின்சார எச்சரிக்கைக்கு அதைப் போட நீங்கள் ஒப்பவே இல்லை. "இதுல டேஞ்சர்னு எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டான். மிட்டாய் கடைன்னு நினைப்பான்."

அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே பயப்படாமல் பொத்தானைப் பார்த்தார்களா, அப்பா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

உங்கள் மேசையில் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. அதை வைத்துப் பெயரை அமைத்தேன். சுந்தரம் என்று ஆங்கில எழுத்தில் எழுத இரண்டு 'ஏ' வேண்டும். அரிசி டப்பா, பருப்பு டப்பா, தபால் பெட்டி என்று நீங்கள் ஒட்டித் தீர்த்ததில் ஒன்றுதான் பாக்கி. ஒரு 'வி'யைத் தலைகீழாகத் தேய்த்து, நடுவில் இணைப்புக்கோடு ஒன்றை வைத்தேன். பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை.

ஹெர் லாங் தாளைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது ஐஸ்கிரீம் கடைப் பலகையாச்சே, ஃப்ராய்லைன். கீழே வெனிலா, சாக்லேட் எல்லாம் போடணுமா?"

"வேண்டாம். பெயர் மட்டும் போதும்."

அவர் சிரித்துவிட்டார். உளி கூர்முனைக்குப் பழகியது, உருண்டை முனைக்கு மெதுவாகத்தான் வெட்ட வேண்டும் என்றார். ஆனால் வெட்டுவதற்கு முன் கல்லறை அலுவலகம் வரைபடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அவர்கள் தரவில்லை. எங்களை நேரில் வரச் சொன்னார்கள்.

அம்மா வழக்கம்போல எனக்குப் பின்னால், பச்சைக் கோட்டின் பொத்தான்களை எல்லாம் பூட்டிக்கொண்டு நின்றாள். கடையானாலும் டாக்டர் ஆனாலும் நான்தானே அவளுக்காகப் பேசுவேன்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி கெட்டவர் இல்லை. என் வரைபடத்தை மடங்காமல்தான் பிடித்திருந்தார்.

"இது விளையாட்டுச் சாமானுக்குப் போடற எழுத்து. பக்கத்துக் கல்லறைக்கு அழ வர்றவங்களையும் நாங்க நினைக்கணும். இந்த இடத்துக்கு ஒரு கண்டிப்பு வேணும்."

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"எழுத்து கொஞ்சம் பெருசா இருக்காம்."

"ஓஹோ."

தூரத்திலிருந்து வாசிக்க வசதி, மழையில் முனை உடையாது, பாசி பிடித்தாலும் தெரியும் என்று பள்ளியில் விவாதம் செய்வதுபோல அடுக்கிக்கொண்டே போனேன். அந்தப் பெண்மணி பொறுமையாகத் தலையாட்டினார். ஒப்பவில்லை.

அப்போது அம்மா என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். மேசைக்கு நேரே போய் நின்றாள். ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "மேடம், என் கணவர் கண்டிப்பானவர் இல்லை."

பிறகு அம்மா, "ஒரு நாளும் இல்லை" என்றும் சேர்த்தாள்.

அந்தப் பெண்மணி வரைபடத்தை மறுபடி பார்த்தார். இந்த முறை எழுத்தைப் பார்க்கவில்லை, பெயரை வாசித்தார் என்று நினைக்கிறேன். "வெள்ளை பூசக் கூடாது. கல்லின் நிறத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவங்க சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"வந்து எத்தனை வருஷம் ஆச்சு? புரியாமயா இருக்கும்? நீ ஆசையா பேசறியேன்னு விட்டுட்டேன்."

நேற்று கல்லை நட்டார்கள். அம்மா கையுறையைக் கழற்றி, முதல் எழுத்தின் வளைவிலிருந்து கடைசி எழுத்தின் கால்வரை விரலால் தடவினாள். பிறகு ஹெர் லாங்கிடம், அவர் மனைவியின் இருமல் எப்படி இருக்கிறது என்று ஜெர்மனில் கேட்டாள். ஒரு வினைச்சொல் தப்பு. திருத்த வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது. நெடுநேரம் பேசினார்கள்.

இனி அம்மா பேசும்போது குறுக்கே போய் நிற்கமாட்டேன், அப்பா. பக்கத்தில் இருப்பேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் சொல் எடுத்துக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களுக்கும் அம்மாவுக்கும் பிறந்த
ஒரே வாயாடி மகள்,
தேன்மொழி