மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு

அடியே, காலையிலிருந்து வீடு முழுக்கத் தார் வாசனை. அடுப்பில் கொதிக்கிற சாம்பாரின் மணம்கூட மூக்குக்கு எட்டவில்லை. பக்கத்துத் தெருவில் புதுச் சாலை போடுகிறார்கள், அடுத்தது நம் தெரு. நீ இருந்திருந்தால் இந்நேரம் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி, "பழசைச் சுரண்டிட்டுப் போடுங்கப்பா" என்று கத்தியிருப்பாய். நீ இல்லை. நானே போய்க் கத்தினேன். சுரண்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நாம் எதிரெதிரே வீடு கட்டி வந்தபோது வாசல்கள் தெருவைவிட உயரம். பழைய சாலைமேலேயே புதுசைப் போட்டுப் போட்டுத் தெரு ஏறியது, வீடுகள் இறங்கின. மழைத் தண்ணீருக்குப் பயந்து வாசலை உயர்த்தினோம். உயர்த்திய வாசலுக்கு வண்டி ஏற்ற, ஆளாளுக்குத் தெருவில் சிமெண்டுச் சரிவு கட்டினோம். தெரு பாதியாகிவிட்டது. அப்புறம் தெரு குறுகல் என்று நாமே போய் மனு கொடுத்தோம். வெட்கங்கெட்ட ஜனம் நாம்.

மனுவைப் பார்த்து வந்த அதிகாரி, தெருவை ஒட்டிய மைதானத்தைக் காட்டினார். மனை பிரித்தபோதே பொதுவுக்கென்று விட்ட காலி இடம். பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான், அடைமழையில் தெருத் தண்ணீர் போய் நின்று ஊறுவதும் அங்கேதான். "இதுல ஒரு ஓரம் எடுத்தா ரோடு அகலமாயிடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் குறுக்கே போனாய்.

"ரோடு குறுகல் இல்ல சார். எங்க வாசல்தான் ரோட்ல வந்து குந்திகினு கீது. அதை எடுங்க."

சொன்னதோடு விட்டாயா? மறுநாளே கடப்பாரையோடு ஓர் ஆளைக் கூட்டிவந்து உன் வீட்டுச் சரிவை உடைத்தாய். "பெரிய தியாகி" என்று தெருவே சிரித்தது. அடுத்து நான் உடைத்தேன். ஸ்கூட்டரை ஏற்ற முடியாமல் என் வீட்டுக்காரர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நீ ஒரு பலகையைத் தூக்கிவந்து போட்டாய். "இதுல ஏத்துங்கண்ணா, ஒண்ணும் கொறைஞ்சிட மாட்டீங்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக உடைத்தார்கள். மைதானம் தப்பியது.

நீ கண்ணை மூடி, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மூலை வீட்டுக்காரர் மறுபடி சரிவு கட்டச் செங்கல் இறக்கினார். "அந்தம்மாதான் போயிட்டாங்களே" என்று என்னிடமே சொன்னார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். மறுபடி தெரு குறுகியது, மறுபடி மனு எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

இன்று மதியம் ரோட்டுக்கு ஓரம் எடுக்க மைதானத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். "உங்க வாசல் சரிவை உடைங்க, அதுவே போதும்" என்றேன்.

"இன்னா மேடம், பேஜார் பண்றீங்க? மைதானம் இன்னா உங்க அப்பன் வூட்டுச் சொத்தா?"

"எங்கப்பன் சொத்தா இருந்தா எப்பவோ வித்துத் தின்னிருப்பேன் சார். எல்லாருக்கும் சொந்தம்றதாலதான் விட மாட்டேன்றேன்."

பேசியது நானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. கோட்டின் மேலேயே நடந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலால் தேய்த்து அழித்தேன். அளக்க வந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "நாளைக்கு வரேம்மா" என்று போய்விட்டார்.

வரட்டும். உன்னை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அழுதுகொண்டு வீட்டுக்குள் உட்கார மாட்டேன். நீ விட்டுப்போனதில் எனக்கு வேண்டியது உன் கோபம்தான், அதை எடுத்துக்கொண்டேன். நாளைக்கும் கோடு போடுவார்கள். நாளைக்கும் அழிப்பேன். என் கால் இன்னும் தேய்ந்துவிடவில்லை.