பால்குடிப் பிள்ளைகள் வெளியே

காட்டுப்பாக்கம்,
பிரபவ வருஷம், வைகாசி மாதம், தேய்பிறை.

சிரஞ்சீவி செங்கல்வராயனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி நாகவல்லியும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ரங்கூனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல நம் பௌத்த சங்கத்துக் காரியதரிசி எத்திராஜ்தான் உனக்கு எழுதுவார். இந்தத் தடவை அவரிடம் போகவில்லை. போனால் நான் சொல்வதில் இருக்கிற காரத்தை எல்லாம் எடுத்துவிட்டு மீதியை எழுதுவார். உன் அப்பா உயிரோடு இருந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்த எழுத்து இவ்வளவுதான், கோணலாக இருந்தாலும் கூட்டிப் படித்துக்கொள்.

முதலில் வீட்டுச் சங்கதி. கூரைக்கு ஓலை மாற்றியாகிவிட்டது. ஏரியில் தண்ணீர் அடியோடு போய்விட்டது, குடிக்கிற தண்ணீருக்குத் தோட்டத்துக் கிணறு வரைக்கும் நடக்கிறோம். வெள்ளாடு குட்டி போட்டது, இரண்டும் கிடா. பாப்பா முந்தாநாள் குப்புற விழுந்தது. விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கி, ஏதோ ஊரை ஜெயித்தது போல எங்களை முறைத்துப் பார்த்தது. மூக்கு உன் மூக்கு. கோபம் வந்தால் அது நுனியில் சிவக்கிறது, அந்தக் கோபம் மட்டும் என்னுடையது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ரங்கூனிலிருந்து வந்திருக்கிற துலுக்கானம் சொன்னான். மில்லில் அவ்வளவு தவிட்டுத் தூசியைக் குடித்துவிட்டு ராத்திரி வெறும் டீயோடு படுக்கிறாயாம். அதற்கும் உன்னைத் திட்ட வேண்டும், ஆனால் அதைவிடப் பெரிய திட்டு இருப்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

துலுக்கானம் கப்பலை விட்டு இறங்கி வந்த கையோடு நீ கொடுத்தனுப்பிய உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இரண்டு காகிதம். ஒன்று நாகவல்லிக்கு. குழந்தைக்குக் கௌதமி என்று பெயர், வைகாசிப் பௌர்ணமி அன்று நம் சங்க மண்டபத்தில் புத்தர் முன்னிலையில் பிக்குவின் வாயால் அதைச் சொல்ல வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தாய். இன்னொன்று சங்கத்துக்கு, மடித்து ஒட்டியிருந்தது, அதை அப்படியே எத்திராஜிடம் கொடுத்துவிட்டோம். மாசியில் பிறந்த குழந்தைக்கு வைகாசி வரைக்கும் பெயரில்லாமல் போனதே உன்னால்தான். பிறந்த கையோடு வைத்துவிடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். நீதான் பொறுங்கள், இங்கே தெரிந்தவர்களைக் கேட்டு நல்ல பெயராக அனுப்புகிறேன் என்றாய். பொறுத்தோம். பேரில்லாத பாப்பா என்று தெருவில் கேலி செய்ததையும் பொறுத்துக்கொண்டோம்.

பௌர்ணமி அன்று காலையில் குளித்து முழுகி, நாகவல்லி வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பாப்பாவை உன் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பெயர் வைக்க வேண்டிய குழந்தை என்பதால் அவளை முன்னால் உட்கார வைத்தார்கள். பட்டணத்திலிருந்து பிக்கு வந்திருந்தார். சிங்களத்துக்காரர், நம் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். எத்திராஜ் எழுந்து, ரங்கூனிலிருந்து நம் செங்கல்வராயன் எழுதியிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லி உன் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். பஞ்சசீலத்தைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருந்தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. தியானத்துக்கும் உபதேசத்துக்கும் அமைதி வேண்டும், ரங்கூனில் நம் சங்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்காது, ஆகவே பால்குடிப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஸ்திரீகள் இனி மண்டபத்துக்கு வெளியே இருந்து கேட்பது உத்தமம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம். அதை வாசிக்கும்போது உன் மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

எத்திராஜ் வாசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆண்பிள்ளைகள் எல்லோரும் நாகவல்லியைப் பார்த்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள். அவர் செய்யவில்லை. உன் வார்த்தை என்றால் அவருக்கு வேதம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எழுதனது நம்ம செங்கல்வராயன், அவுரு ஊட்டம்மாவே மொதல்ல எழுந்து வழி காட்டினா மத்த பொம்பளைங்களும் எழுந்துக்குவாங்க" என்றார். உன் பெண்சாதி குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். அவள் பின்னால் தன் பிள்ளையோடு குப்பம்மா எழுந்தாள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். "நீ ஒக்காரு பெரிம்மா, உன் மடியில தான் புள்ள இல்லியே" என்று எத்திராஜ் சொன்னார். "எம் புள்ள ரங்கூன்ல இருந்து கத்திக்கினு கீறான், அவனத் தூக்கிக்கினு நானும் வெளிய போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் என்று பிக்கு கேட்டதற்கு, சமையல் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லக் கூடாது என்று சீலம் வாங்கிய வாய் இன்னும் காயவில்லை.

வைகாசி வெயில் உனக்கு மறந்திருக்கும். வெளியே பந்தலா போட்டு வைத்திருக்கிறது. ஒரு புங்கமரம், அதன் நிழலுக்கு அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு நின்றோம். நாகவல்லி அழவில்லை. "அம்மன் கோயில்ல வெளிய நிக்க வெச்சாங்கன்னு தானே அத்தே இங்க வந்தோம்" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நீதான் பதில் எழுத வேண்டும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிற்காத வெளி இந்த ஊரில் இல்லை. கோயிலுக்கு வெளியே நின்றேன், பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றேன், உனக்கு ஜுரம் வந்தபோது வைத்தியர் வீட்டுக்கு வெளியே வெயிலில் நின்று அவர் எறிந்த பொட்டலத்தைப் பிடித்தேன். இனி யாரும் வெளியே நிற்கக் கூடாது என்றுதான் உன் அப்பா அந்த மண்டபத்துக்கு மண் குழைத்தார். நானும் குழைத்தேன், நீ என் முதுகில் தூளியில் கிடந்தாய். அழுதுகொண்டுதான் கிடந்தாய். சுவர் நின்றுவிட்டது, உன் அழுகையால் ஒன்றும் இடிந்து விழவில்லை.

உபதேசம் பாதியில் இருக்கும்போது எத்திராஜ் எட்டிப் பார்த்து, குழந்தையை வாசற்படி வரைக்கும் கொண்டுவந்தால் போதும், பிக்கு உள்ளே இருந்தபடியே பெயரைச் சொல்லிவிடுவார் என்று சொன்னார். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். நாகவல்லி போகவில்லை. "வாசப்படியாண்ட வெச்சி வாங்கறதுக்கு எம் பொண்ணு பேரு இன்னா பழைய சோறா" என்றாள். மாமியார் நான் பக்கத்தில் நிற்கிறேன், ஊர் ஆண்பிள்ளை எதிரே நிற்கிறார், அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ரங்கூனில் அப்படி என்று எழுதினாயே, அதையும் துலுக்கானத்திடம் விசாரித்தேன். அவன் சிரித்தான். "நம்ம ஆளுங்க மாடி ரூம்ல ஆம்பளைங்க மட்டும் ஒக்காந்துகினா சத்தம் எங்கேர்ந்து வரும் பெரிம்மா, பர்மாக்காரப் பொம்பளைங்க பெரிய பகோடாக் கோயில்ல கொயந்தைங்கள மடியில போட்டுக்கினு தான் மணிக்கணக்கா கீறாங்க, பாலு குடுத்துக்கினே பூ வெச்சிக் கும்புடறாங்க, ஒர்த்தரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றான். அப்படியானால் இந்தச் சட்டத்தை நீ பர்மாவில் கற்றுக்கொள்ளவில்லை, செங்கல்வராயா. இங்கேதான் கற்றுக்கொண்டாய், நம்மை வெளியே நிறுத்தினவர்களிடம். அதைக் கப்பல் ஏற்றி அங்கே கொண்டுபோய், அங்கிருந்து திரும்ப எங்களுக்கே அனுப்பியிருக்கிறாய். போன வருஷம் நீ மண்டபத்தில் பேசியபோது குப்பம்மாவின் பிள்ளை வீரிட்டு அழுதது, உனக்கு வாயில் வந்த வார்த்தை மறந்துபோய்விட்டது. அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா. பெற்றவளிடம் தத்துவம் பேசி மறைக்காதே.

அந்தக் குப்பம்மா என்ன செய்தாள் தெரியுமா. பங்குனியில் நாகவல்லிக்கு மார் கட்டிக்கொண்டு குளிர்ஜுரம் வந்து குழந்தைக்குப் பால் இல்லாமல் போயிற்று. குப்பம்மாதான் தன் பிள்ளையை ஒரு பக்கமும் உன் மகளை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். முதலில் உன் மகளுக்கு, மிச்சம்தான் தன் பிள்ளைக்கு. நீ அனுப்பிய பெயர் நல்ல பெயர்தான். புத்தரைப் பெற்ற அம்மாள் ஏழாம் நாளே கண்ணை மூடிவிட்டாள், தங்கைக்காரி கௌதமிதான் அக்காள் பிள்ளைக்குத் தன் பாலைக் கொடுத்து வளர்த்தாள், பிற்பாடு அவள் தர்மத்தில் சேர வேண்டும் என்று கால் வீங்க நடந்து போனபோது அவளையும் வாசலில்தான் நிற்க வைத்தார்கள் என்று நீதானே எனக்குப் படித்துச் சொன்னாய். அவள் வாசலில் அழுததைச் சொல்லும்போது உன் கண்ணும் கலங்கியது. அவள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, மை உலர்வதற்குள் அடுத்த காகிதத்தில் பால் கொடுக்கிறவள் வெளியே போ என்று எப்படியடா எழுதினாய். உன் மகளும் ஒரு பால்குடிப் பிள்ளை என்பது உனக்குத் தோன்றவே இல்லையா.

நீ விடியற்காலையில் தியானத்தில் உட்கார்வதாகவும், கோபம் வந்தால் அதன் பின்னால் ஓடாமல் வருவதையும் போவதையும் பார்ப்பதுதான் பெரிய சாதகம் என்றும் எழுதுகிறாய். நல்லது, செய். சித்திரையில் பாப்பாவுக்கு மாந்தம் வந்தது. கீழே போட்டால் மூச்சு முட்டியது, தோளில் நிமிர்த்திப் போட்டால்தான் உயிர் நின்றது. மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்து நொந்துபோன உடம்போடு உன் பெண்சாதி அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்கவில்லை. குழந்தைக்குக் குணமான பிறகு, உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "வராம இன்னா அத்தே, இத்த எங்கனா போட்டுட்டு ஓடிப் பூடலாமான்னு கூட வந்துச்சி. வந்தத பாத்துக்கினே நடந்தேன். அது பூட்ச்சி, புள்ள கீது" என்றாள். அவளுக்கு யாரும் பாய் போட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த மார்க்கத்தில் அவள் உன்னைவிட முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள், நீ அவளை வெளியே போகச் சொல்கிறாய். கோபம் கூடாது அம்மா என்று பதில் எழுதாதே. எனக்கும் வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், போக மாட்டேன் என்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே என்று கவலைப்படாதே, அன்றைக்கே வைத்தாகிவிட்டது. உள்ளே உபதேசம் நடக்கும்போதே நாங்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து புத்தம் சரணம் என்று தொடங்கி மூன்று சரணமும் சொன்னோம். ஒரு பிள்ளை அழுதது, ஒன்று மூத்திரம் பெய்தது, குப்பம்மா பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள், ஒன்றும் தடைப்படவில்லை. பிறகு நாகவல்லி குழந்தையின் காதில் பெயரைச் சொன்னாள், எங்களுக்கும் உரக்கச் சொன்னாள். கௌதமி இல்லை. அவளாகவே யோசித்து வைத்த பெயர். கூப்பிட்டால் இப்போது பாப்பா குரல் வந்த பக்கம் திரும்புகிறது. தெருவில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும், எத்திராஜுக்குக் கூடத் தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. அடுத்த கப்பலில் திரும்புகிற துலுக்கானத்திடமும், உன்னிடம் சொன்னால் இந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். நீ ஊருக்கு வா. வந்து அந்த மரத்தடியில் எங்களோடு மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார். புது முகம் என்று அழும், அழட்டும், அதைச் சமாதானம் பண்ணு. பிறகு அவள் அம்மா உன் காதில் சொல்வாள்.

உனக்கு நோய்நொடி வரக் கூடாது, மில் இயந்திரத்தில் உன் கை பத்திரமாக இருக்க வேண்டும், கடல் உன்னைக் கொண்டுபோனது போலவே கொண்டுவந்து விட வேண்டும். கோபத்தோடு வாழ்த்தினாலும் பெற்றவள் வாழ்த்து வாழ்த்துதான். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. நீ எழுதின அந்த வரியை நீயே அடித்துவிட்டதாக வருகிற பௌர்ணமிக்குள் எத்திராஜுக்குக் காகிதம் வந்து சேர வேண்டும், இதை மறக்காதே. அதோடு பாப்பாவுக்கும் இரண்டு வரி எழுத உனக்கு ஆசை வரும். எழுது. யாருக்கு என்று மேலே எழுதத்தான் உன்னிடம் பெயர் இல்லை.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்தபடி வெளியே நின்ற உன் அம்மா
வேம்புலியம்மாள்.