அப்பா வாயைக் கட்டிய கதை

இராஜபாளையம்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் ஜெபசிங்குக்கு, அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும், ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அக்கா பியூலா வீட்டாரும், கொல்லையில் முருங்கை மரமும் சுகம். என் முழங்கால் ஒன்றுதான் எங்களோடு சேராமல் தனியாக நிற்கிறது. மஸ்கட்டில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். அடிக்கடி போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா அடுத்த அறையில் பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருப்பார், தாள் திருப்புகிற சத்தமே வராது, காது மொத்தமும் இங்கேதான் இருக்கும். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. உன் கூட்டாளி பாலகணேஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை புறப்படுகிறான் என்றதும், பால்கோவா டப்பாவுக்கு அடியில் இதை வைத்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பால்கோவா உன் மச்சான் வரிசையில் நின்று சூடாக வாங்கி வந்தது, ஆற வைத்துத்தான் கட்டியிருக்கிறேன், கிடைத்த அன்றே பிரித்துவிடு. அறையில் எல்லாருக்கும் கொடு, ஆனால் ஊர்ப் பெருமையில் டப்பாவையே நீட்டிவிடாதே.

விஷயம் அப்பாவின் வாய். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்து மேஸ்திரிக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருப்பது உலகத்தில் உள்ளதுதான், ஆனால் உன் அப்பா ஒருவனை வையத் தொடங்கினால் அவன் பாட்டனில் ஆரம்பித்து இன்னும் பிறக்காத பேரன் வரைக்கும் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார், அவர் தெருவுக்கு வந்து வைதால் எதிர்க் கடையில் டீ குடிக்கிறவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அந்த வாய்தான் நீ புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில், பாலகணேஷும் மற்றப் பிள்ளைகளும் நிற்கும்போது, உன் மேல் திரும்பியது. மில் வேலையை விட்டுவிட்டாயே என்ற கோபமும், பிள்ளை போகிறானே என்ற அழுகையும் சேர்ந்து அவருக்கு அந்த ஒரு வழியாகத்தான் வெளியே வரத் தெரிந்தது. அதற்காக அது சரி என்று நான் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையை அந்த வார்த்தை சொல்லலாமா. நீ திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாய், இரண்டு வருஷமாக அவர் குரல் கேட்டாலே அம்மாட்ட குடுங்க என்கிறாய். நான் இதுவரை உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனையோ வருஷமாக நம்மைச் சபை வாசலில் இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போகிற மனுஷன், வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இயேசுவுக்காக வந்தார் என்று பாஸ்டர் நினைத்தார், உனக்காக வந்தார் என்று நான் நினைத்தேன், இரண்டும்தான் என்று இப்போது படுகிறது. போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, இனிமே இந்த வாயி ஆண்டவருக்கு, ஒரு கெட்ட வார்த்த வராது என்று சபைக்கு முன்னால் சாட்சியும் சொல்லிவிட்டார். கையைக் கொடுத்திருக்கலாம், காலைக் கொடுத்திருக்கலாம், போயும் போயும் அந்த வாயையா கொடுப்பது.

முதலில் கொஞ்ச நாள் காய்கறியாக வைதார். ஏலே புடலங்கா, அங்க பாவு நூலு அறுந்து கெடக்கு, கண்ணு எங்கலே இருக்கு என்பாராம். தறிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எது பெரிய வசவு, எது சின்ன வசவு என்று விளங்கவில்லை. சோலைராஜ் என்று ஒருவன் இருக்கிறான், அப்பாவிடம் வேலை பழகியவன், வேலையை விடக் குறும்பு அதிகம். அவன் வீட்டுக்கே வந்து, யத்தே, மாமா என்னைய வெண்டைக்காங்காரு, அவனைய பாகக்காங்காரு, எனக்கு மட்டும் ஏன் கொறைச்சுப் போட்டாருன்னு கேட்டுச் சொல்லுங்க என்று முறையிட்டுவிட்டுப் போனான். முதலாளி ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டு, ஏமய்யா பொன்னுராஜு, உடம்புக்கு முடியலையா, சத்தமே காணோமே, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா என்றாராம். மகாலட்சுமியை உனக்குத் தெரியும், தறி ஓட்டுகிறவள், நம் சபைக்கும் வருகிறவள், அவள் கூட, அண்ணாச்சி வையாம இருந்தா நாம நல்லா ஓட்டுதோமா இல்லையான்னே தெரியலக்கா என்றாள். இதற்கிடையில் அப்பா வாயிலிருந்து பழைய வசவை எவன் வரவழைக்கிறானோ அவனுக்கு மற்றவர்கள் புரோட்டா வாங்கித் தருவது என்று பிள்ளைகள் பந்தயம் வேறு கட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே ஸ்பேனரை ஒளித்து வைப்பார்கள், ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். அத்தனைக்கும் மனுஷன் கத்தரிக்காய், சுரைக்காயோடு நின்றுகொண்டார்.

பிறகு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் யார் காதிலும் விழாது, அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம், என் கால் நன்றாக இருந்த மட்டும் நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன். நீ அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து கொண்டுவந்தே, அ ஆ படிக்கும் முன்னால் உதடு படித்தவன். அப்பா என்ன யோசித்தார் என்றால், ஆண்டவருக்குக் கொடுத்தது சத்தம் வருகிற வாயைத்தானே, சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைந்தால் அது கணக்கில் வராது என்று முடிவு கட்டிக்கொண்டார். தறிக்கூடத்தில் பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், வீட்டில் அதுவும் கிடையாது. கேஸ் அடுப்பு பற்றவில்லை என்றால் அடுப்பைப் பார்த்து உதடு மட்டும் படபடவென்று ஓடும். எனக்குக் கேட்டுச்சு என்பேன். சத்தமே வரலையே, எப்படிக் கேட்டுச்சு என்பார் கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஐப்பசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. வழக்கம் போல ஆளாளுக்குப் பூசணி, வாழைத்தார், கோழி என்று காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள், ஏலம் போடும்போது பொருளைத் தூக்கிக் காட்டுகிற பொறுப்பைப் பாஸ்டர் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். புது வேட்டி கட்டிக்கொண்டு சபையைப் பார்த்து அவர் நின்ற மிடுக்கைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. ஏலத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் காணிக்கைகளை ஆசீர்வதித்து ஜெபம் செய்தார், எல்லாரும் அமைதியாகக் கண்ணை மூடி ஜெபிப்போம் என்றார். அப்போது அப்பா கையில் வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர் கொடுத்த சேவல் இருந்தது. நல்ல உயரம், நல்ல சிவப்பு, நல்ல கோபம். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் அது அப்பாவின் கட்டைவிரலில் ஒரு கொத்து கொத்தியது. அப்பா வாயிலிருந்து சத்தம் வரவில்லை, சாட்சி சொன்னதைச் சத்தத்தில் காப்பாற்றிவிட்டார். ஆனால் உதடு அந்தச் சேவலின் வம்சத்தை முட்டையிலிருந்து எடுத்து, குறைவில்லாமல், முழுசாக வைதது. பாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். வந்த பெரியவரும் மூடியிருந்தார். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் தறிக்கூடத்துப் பெண்கள், ஜெப நேரத்தில் இத்தனை பேர் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மகாலட்சுமி முந்தானையை வாயில் திணித்தாள், நிற்கவில்லை, ஒரு வரிசை சிரித்து அடுத்த வரிசைக்குப் பரவி, கடைசியில் பாயில் இருந்த பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். வந்தவர் கண்ணைத் திறந்து, இந்தச் சபையில் எம்புட்டுச் சந்தோஷம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார். நானும் சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. சேவலைக் கீழே விட்டுவிட்டு வெளியே நடந்தார், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிப் பியூலா வீட்டில் போய்ப் படுத்துவிட்டார். அவள் போன் செய்து, யம்மா, அப்பா மொட்டை மாடியில் கோபுரத்தைப் பார்த்து உக்காந்திருக்காவ, பேச மாட்டேங்காவ என்றாள். என்னிடம் போனில் ஒரே ஒரு வரிதான் சொன்னார், இந்த வாயிக்கும் சபைக்கும் ஒத்துவராது, நாளையிலேருந்து நான் பழைய பொன்னுராஜுதான் என்று. பாஸ்டர் நல்ல மனுஷர், அங்கேயே தேடிப் போய், விழுந்தது பெரிசில்ல அண்ணாச்சி, விழுந்த எடத்துலயே பாய விரிச்சிராதிய என்று சொல்லிவிட்டு, பியூலா கையால் ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் அங்கிருந்தே நேராக வேலைக்குப் போயிருக்கிறார். செய்தி முந்திக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டது, சோலைராஜும் கூட்டமும் தறிகளை நிறுத்திவிட்டுப் புரோட்டா நினைப்பில் வரிசையாக நின்றிருக்கிறார்கள், எல்லார் கண்ணும் அவர் உதட்டில். உதடு துடித்ததாம். மகாலட்சுமி சொன்னாள், நான் கும்புட்டுக்கிட்டே நின்னேங்க்கா என்று. அவர் சட்டென்று பக்கத்தில் கிடந்த பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து, மூக்குக்குக் கீழே வாயோடு சேர்த்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அப்படியேதான் வேலை பார்த்திருக்கிறார். மேஸ்திரி சொல்வது ஒருவருக்கும் தெரியவில்லை, தறியில் ஓடுகிற நாடா கேட்டால் எண்ணெய் வந்தது, எண்ணெய் கேட்டால் டீ வந்தது. முதலாளி வந்து பல் வலியா என்று விசாரித்துவிட்டுப் போனாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம், துணிக்கு உள்ளுக்குள்ள வைஞ்சியளோ என்று கேட்டேன். கட்டுன பொறவு வையணும்னே தோணலட்டி, ஒருத்தனுக்கும் தெரியாம வைஞ்சு என்னத்துக்கு என்றார். அன்றிலிருந்து தினமும் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார். அந்தச் சேவலைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஏலத்தில் எடுத்து நமக்கே கொடுத்துவிட்டார்கள். குழம்பு வைக்கிறேன் என்றேன், விடமாட்டேன் என்கிறார். தினம் காலையில் இரை போடும்போது அது அவரைக் கொத்தாமல் இருப்பதில்லை, அவரும் வாங்கய்யா, போங்கய்யா என்று மரியாதையாகவே பேசிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இதெல்லாம் சிரிப்பு. இனி எழுதுவது சிரிப்பு இல்லை, கவனமாகப் படி. கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் வந்தாயே, எனக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். உன்னிடம் பேச வேண்டும் என்று புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நடந்தவர். வாயைத் திறந்தார், பயத்தில் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அசைந்த உடனே உன் முகம் மாறியது, நீ போனை வைத்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டு உனக்கு ஞாபகம் வந்திருக்கும், எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் இருட்டான போனைப் பார்த்து அதே வரியை இன்னொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே எழுதினால் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் பால்கோவா தின்னப் போய்விடுவாய். அன்றைக்குப் பிரியாணியை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இனி யாருக்காக வாயைக் கட்டணும் என்றார். பொங்கல் முடிந்ததிலிருந்து அந்தத் துணி ஆணியிலேயே தொங்குகிறது, துணி இல்லாமல் வேலைக்குப் போகிறார், பிள்ளைகளுக்குப் புரோட்டா ஆசை மறுபடி வந்துவிட்டது. சனிக்கிழமை உதடு திறந்து மூடியது என்று மகாலட்சுமி சொன்னாள். ஒரு தரம் வழுக்கினால் பழைய மனுஷன் முழுசாகத் திரும்பி வந்துவிடுவார், அப்புறம் சபையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஜெபசிங். ஆனால் நேற்று விடியற்காலையில் சன்னல் வழியாகப் பார்த்தேன், கையில் இரைக்குக் கம்பு மணியை வைத்துக்கொண்டு சேவல் முன்னால் உட்கார்ந்து, நல்லாருக்கியாய்யா, வேலையெல்லாம் எப்படி இருக்கு என்று சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். சேவலிடம் எதற்கு வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று செத்த நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை, அது உன் மனசுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். போனை மட்டும் எடு. வரும் ஞாயிறு சபை முடிந்து வந்ததும் உனக்கு வீடியோ போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவேன், அவருக்கே தெரியாது. சத்தம் வராவிட்டால் வைத்துவிடாதே, வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள். முகத்தைப் பார், கடைசி வரை பார். தறிக்கூடத்தில் வளர்ந்த பிள்ளை உதடு அசைந்ததை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகலாமா. பின்னால் சேவல் கூவினால் பயப்படாதே.

தண்ணீர் நிறையக் குடி, ஞாயிறு ஆராதனையை விடாதே, பாலகணேஷிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தனுப்பு, அது பியூலா வீட்டு டப்பா. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல மனுஷர்கள் நடுவே வைத்து நடத்துவாராக. கிறிஸ்துமஸ் அன்று உன் அப்பா சொன்னது, சாப்ட்டியாய்யா. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் கேட்பார், அதனால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டே போனை எடு, அவரிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு, உன் முகத்தை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
மாரிக்கனி.